பேய்க்கு என்ன தெரியாது? பதின்ம வயதினருக்கு அமானுஷ்ய மர்ம நாவல் எழுதும் முறை

மர்ம நாவலில் வாசகரும் துப்பறிகிறார். பேய்க்கதையில் வாசகர் பயப்படுகிறார். இரண்டையும் ஒன்றாக எழுதும்போது முதலில் உடைவது மர்மம்தான். பேய்க்கு எல்லாம் தெரியும் என்றால் குற்றவாளியின் பெயரை முதல் இரவிலேயே சொல்லிவிடலாமே, ஏன் இருபது அத்தியாயம் சுற்றவைக்கிறது? பதினான்கு வயது வாசகர் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்பார். பதில் இல்லாவிட்டால் புத்தகத்தை மூடிவிடுவார்.

ஆகவே பேய் எப்படி இருக்கும், எப்படி வரும் என்பதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் எழுதவேண்டியது அதற்கு என்ன தெரியாது என்பதை. நல்ல அமானுஷ்ய மர்மத்தில் பேயின் அறிவைவிட அதன் அறியாமையே பெரிய துப்பு.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே மாதிரிக் கதையை வைத்துக்கொள்வோம். களம் திருகோணமலை. மதுரா தரம் 10 மாணவி, வீடு உவர்மலையில். அவளுடைய தோழி சப்ரினாவின் வீடு கிண்ணியாத் துறையடியில். அதற்குப் பக்கத்துக் காணி வெறுமையாகக் கிடக்கிறது. அதிலுள்ள பழைய கிணற்றில் போயா (பூரணை) இரவுகளில் மட்டும் தண்ணீர் சுடுகிறது. அந்தக் காணி ஒரு காலத்தில் மதுராவின் அம்மப்பாவுடைய அக்கா செல்லாச்சிக்குச் சொந்தம். 2003 இல் அவ விற்றுவிட்டா என்று வீட்டில் சொல்கிறார்கள். 2004 தொடக்கத்தில் காய்ச்சலில் இறந்துபோனா.

பேய்க்கு ஒரு தாள்

ஒரே ஒரு தாள் எடுங்கள். நாலு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: எப்போது வரும், என்ன செய்யும், எதுவரை தெரியும், அதைச் சந்திப்பவர் என்ன விலை கொடுக்கிறார். தாளின் ஒரு பக்கத்துக்குமேல் போனால் விதிகள் அதிகம், வாசகரால் நினைவில் வைத்திருக்க முடியாது.

செல்லாச்சியின் தாள் இப்படி இருக்கும். பூரணை இரவில் மட்டும், நிலா எழுவதிலிருந்து உச்சிக்கு வரும்வரை. தண்ணீர் சுடும், கிணற்றின் உட்சுவர் ஈரத்தில் எழுத்துகள் மட்டும் காய்ந்து தெரியும், ஓர் இரவுக்கு மூன்று எழுத்துக்கு மேல் இல்லை. 2004 தொடக்கம் வரை நடந்தவை மட்டுமே தெரியும், அதிலும் அவ கண்டதும் நம்பியதும் மட்டும். வாசித்தவருக்கு மறுநாள் மத்தியானம் வரை குரல் வராது.

கடைசி விதி வெறும் பயமுறுத்தலுக்கு இல்லை. குரல் போனால் மதுரா உடனே யாரிடமும் சொல்ல முடியாது. அந்த அரை நாளில் சந்தேகநபர் ஒரு நகர்வு செய்யலாம். விலை எப்போதும் கதையை நகர்த்தவேண்டும்.

மூன்றாவது விதியில்தான் நாவலே இருக்கிறது. செல்லாச்சி இரண்டாம் போயாவில் ‘தம்பி’ என்று எழுதுகிறா. அவவுடைய காணி உறுதிப் பத்திரங்கள் இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது தம்பி, அதாவது மதுராவின் சொந்த அம்மப்பா. அது உண்மைதான். ஆனால் அவர் திருடவில்லை, பத்திரமாக இருக்கட்டும் என்று தெரிந்த ஒருவரிடம் கொடுத்துவைத்தார். அது செல்லாச்சிக்குத் தெரியாது. பேய் பொய் சொல்லவில்லை, பிழையாக நம்புகிறது. இறந்தவர் எல்லாம் அறிந்தவராக இருக்கவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

தாளை எழுதி முடித்ததும் பூட்டிவிடுங்கள். பதினெட்டாம் அத்தியாயத்தில் கதை மாட்டிக்கொண்டால் பேய்க்குப் புதிய சக்தி கொடுக்க ஆசை வரும். கொடுத்தால் அதுவரை வாசகர் செய்த கணக்கெல்லாம் வீண். விதியை மாற்றத்தான் வேண்டுமென்றால் முதல் அத்தியாயத்துக்குப் போய் அங்கிருந்து மாற்றி எழுதுங்கள்.

இன்னொரு முடிவையும் இப்போதே எடுக்கவேண்டும்: பேய் நிஜமா, மனிதர் செய்த சூழ்ச்சியா, இரண்டுமா? எல்லாம் கனவு, எல்லாம் கடத்தல்காரர் கட்டிவிட்ட கதை என்று முடிப்பது பழைய பழக்கம். சிறுவர் கதைக்கு ஓரளவு பொருந்தும். பதினைந்து வயதுக்காரர் ஏமாற்றப்பட்டதாகவே நினைப்பார். எங்கள் சிபாரிசு: பேய் நிஜம், குற்றம் மனிதருடையது. பேய் கேள்வியைத் தொடங்கும், மனிதர் விடையைக் கண்டுபிடிப்பர்.

குற்றத்தைப் பின்னாலிருந்து கட்டுதல்

முதல் அத்தியாயத்தை எழுத முன்னர், குற்றவாளியின் பக்கத்திலிருந்து முழுக்கதையையும் இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். ஆண்டு, நாள், யார் எங்கே நின்றார், கையில் என்ன இருந்தது. இதை வாசகர் பார்க்கப்போவதில்லை. ஆனால் இது இல்லாமல் எழுதினால் பத்தாம் அத்தியாயத்தில் ஒரே ஆள் ஒரே பின்னேரம் மூதூரிலும் நிலாவெளியிலும் நிற்பார்.

எங்கள் மாதிரிக் கதையில்: அம்மப்பா பெட்டியைக் கொடுத்துவைத்தது ஒரு நொத்தாரிசிடம் வேலை பார்த்த கிளாக்கரிடம். செல்லாச்சி இறந்தபின் பெட்டியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதுவரை பாதையில் (ஆளையும் வண்டியையும் ஏற்றிக் கடக்கும் மிதவையை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்) ஏறிக் கடக்கவேண்டிய துறையடி, பெருந்தெருவோரக் காணியாகி விலை ஏறியது. 2010 இல் கிளாக்கர், செல்லாச்சி 2003 இல் விற்றதுபோல ஒரு போலி உறுதி தயாரித்தார். அம்மப்பாவிடம் நிழற்பிரதி ஒன்றைக் காட்டி வாயடைத்தார். பெட்டியைக் கொடுத்த குற்ற உணர்ச்சியில் கிழவர் அன்றிலிருந்து மௌனம்.

இங்கே குற்றத்துக்கு இடமும் காலமும் காரணமாக இருப்பதைக் கவனியுங்கள். பாலம் வராவிட்டால் காணிக்கு விலை இல்லை, விலை இல்லாவிட்டால் போலி உறுதிக்குத் தேவை இல்லை. ‘பேராசை’ என்று மட்டும் எழுதினால் அது எந்த ஊரிலும் நடக்கும் கதை.

அடுத்தது துப்புகள். ஒரு முடிவுக்குக் குறைந்தது மூன்று துப்பு வேண்டும். ஒன்றை வாசகர் தவறவிடுவார், ஒன்றைப் பிழையாக விளங்குவார், மூன்றாவது பிடிபடும். உறுதி போலி என்பதற்கு நாங்கள் வைப்பவை:

முதலாவது, 2003 என்று திகதியிட்ட உறுதியில் வடக்கு எல்லை ‘பாலத்துக்குச் செல்லும் வீதி’. 2003 இல் பாலமே இல்லை.

இரண்டாவது, காணிப் பதிவகத்திலுள்ள பதிவுத் திகதி 2010. இலங்கையில் காணி உறுதியை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு ஒப்பமிடவேண்டும். மூலம் உரிமையாளரிடம், ஒரு பிரதி நொத்தாரிசிடம், இன்னொன்று காணிப் பதிவகத்துக்கு. போலி செய்பவர் வீட்டிலுள்ள தாளை மாற்றலாம், பதிவேட்டின் வரிசையை மாற்றுவது கடினம்.

மூன்றாவது, சாட்சிகளில் ஒருவர் அந்த ஆண்டு முழுக்கக் கட்டாரில் வேலை செய்தவர். அவருடைய வீட்டில் முத்திரை குத்திய கடித உறைகள் இருக்கின்றன.

இனி மறைக்கும் கலை. துப்பை வாசகர் கண்முன்னால் வைக்கவேண்டும், ஆனால் அவருடைய கவனம் வேறெங்கோ இருக்கவேண்டும். நாலாம் அத்தியாயத்தில் மதுரா நிழற்பிரதியைக் கைபேசியில் படம் எடுக்கிறாள். உறுதியின் வாசகம் நாலு எல்லைகளோடும் பக்கத்தில் அப்படியே அச்சாகிறது. ஐந்தாம் அத்தியாயத்தில் பழைய சட்டத் தமிழ் விளங்காமல், ஓய்வுபெற்ற கிளாக்கர் ஐயாவிடம் கொண்டுபோகிறாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உரக்க வாசிக்கிறார்: கிழக்கு, தெற்கு, மேற்கு. பிறகு தேத்தண்ணி வருகிறது, பேச்சு மாறுகிறது. வடக்கு வாசிக்கப்படவில்லை. எண்ணிப் பார்க்கும் வாசகருக்கு அங்கேயே குற்றவாளி தெரிந்துவிடும். நூற்றில் ஒருவர் எண்ணுவார். அவருக்காகத்தான் இந்த வேலை.

குற்றவாளி நாவலின் முதல் கால்வாசிக்குள் நேரில் வந்துவிடவேண்டும். 24 அத்தியாய நாவலில் ஆறாவதுக்குப் பிறகு அறிமுகமாகிறவர் குற்றவாளி என்றால் அது ஏமாற்று. சந்தேகநபர்கள் நாலு பேர் போதும். மற்ற மூவருக்கும் மறைக்க வேறு ஏதாவது இருக்கவேண்டும், அதுவும் கதைக்குள் வெளிப்படவேண்டும். போயா நாளில் சாராயக் கடை பூட்டு; அன்றிரவு மாமாவின் மேல் சாராய வாடை அடித்தால் அவர் எங்கிருந்து வாங்கினார்? கள்ளத்தனமாக விற்கும் வீட்டுக்குப் போனதை மறைக்கத்தான் ‘கோயிலுக்குப் போனேன்’ என்று பொய் சொன்னார். பொய்க்குக் காரணம் தெரிந்ததும் அவர் பட்டியலிலிருந்து விழுகிறார்.

துப்புகளுக்குத் தனிக் கொப்பி ஒன்று வையுங்கள். ஒரு துப்புக்கு ஒரு வரி: எந்த அத்தியாயத்தில் வைத்தோம், எதன் பின்னால் மறைத்தோம், எந்த அத்தியாயத்தில் இரண்டாம் முறை தொட்டோம், எங்கே அவிழ்த்தோம். கடைசிக் கட்டம் வெறுமையாக இருக்கும் வரிகளை வரைவு முடிந்ததும் ஒன்றில் நிரப்புங்கள், இல்லையேல் வெட்டுங்கள்.

இந்த நாவலின் திறவுகோல் மூன்றாம் போயாவில். செல்லாச்சி ‘பாதை’ என்று இரண்டு எழுத்து எழுதுகிறா. மதுரா பிறந்தபோது பாலம் வந்துவிட்டது. அவளுக்குப் பாதை என்றால் நடைவழி. ஒற்றையடிப் பாதையெல்லாம் தேடி அலைகிறாள். ஏழாம் அத்தியாயத்தில் தோணிக்காரர் ஒருவர், பாதையில் சைக்கிளோடு ஏறிக் கடந்த காலத்தைப் பற்றிச் சாதாரணமாகச் சொன்னது பத்தொன்பதில் நினைவுக்கு வருகிறது. செல்லாச்சியின் உலகத்தில் இன்னும் பாலம் இல்லை. அப்படியென்றால் அவ ஒப்பமிட்ட உறுதியில் பாலம் எப்படி வந்தது? பேயின் அறியாமை துப்பாவது இப்படித்தான்.

நிலா, கடல், காற்று

திருகோணமலையை வைத்து எழுதும் பலர் சறுக்குவது இங்கேதான். ஊர்ப் பிள்ளைகள் உடனே பிடித்துவிடுவார்கள்.

பின்குடாவும் ஒல்லாந்தர் குடாவும் கிழக்குப் பக்கக் கடல். அங்கே சூரியன் கடலிலிருந்து எழும், கடலில் விழாது. ‘ஒல்லாந்தர் குடாவில் செஞ்சூரியன் கடலில் மூழ்கியது’ என்று எழுதினால் முதல் பக்கத்திலேயே நம்பிக்கை போய்விடும். ஆனால் பூரணை நிலா சூரியன் மறையும் நேரத்தையொட்டிக் கிழக்கில் எழும். கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையிலிருந்து பார்த்தால் கடலிலிருந்து வரும். அடுத்தடுத்த நாள்களில் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தும். பூரணைக்கு நாலு நாள் கழித்து மாலை ஏழு மணிக்கு நிலவொளியில் யாரும் எதையும் பார்க்க முடியாது. அமாவாசை இரவில் நிலா காயும் நாவல்கள் ஏராளம்.

சூரிய மறைவு ஆண்டு முழுக்க ஏறக்குறைய 5.45 க்கும் 6.30 க்கும் இடையில். மறைந்து இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் இருட்டிவிடும். நீண்ட அந்திப்பொழுதில் நடக்கும் துரத்தல் காட்சி இங்கே பொருந்தாது. ரியூசன் ஆறரைக்கு விட்டால் பிள்ளை வீட்டுக்கு வரும்போது இருட்டு. அதுவே போதுமான பயம்.

கடல்வற்றில் குகை வாசல் திறந்து, பெருக்கில் மூடும் என்ற உத்தியை மறந்துவிடுங்கள். இங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. குகை கட்டாயம் வேண்டுமென்றால் அலையை நம்பலாம்: வாடைக்காற்றுக் காலத்தில், ஒக்டோபர் முதல் ஜனவரி வரை, கடல் கொந்தளிக்கும், மழை கொட்டும். மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதி, நிலம் வறட்சி, கச்சான் காற்று சுட்டெரிக்கும். எனவே ஆனி மாதத்தில் இடிமின்னலோடு பேய் வரவேண்டாம்.

எங்கள் கதை சித்திரை, வைகாசி, ஆனிப் பூரணைகளில் நடந்து ஆடி அமாவாசையில் முடிகிறது. ஏறத்தாழ 74 நாள். பூரணை அத்தியாயங்கள் 2, 10, 18. உச்சக்கட்டம் 22, அமாவாசை இரவு. இது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு: அன்றைக்குப் பேய் வரமுடியாது. குற்றவாளியை மதுரா தனியாகத்தான் எதிர்கொள்ளவேண்டும். உச்சக்கட்டத்தில் பேய் வந்து வில்லனைக் கிணற்றில் தள்ளிவிட்டால் கதாநாயகிக்கு நாவலில் என்ன வேலை?

பருவம் சின்ன விவரங்களையும் தீர்மானிக்கும். அந்த மாதங்களில் கிணற்று மட்டம் இறங்கியிருக்கும், கயிறு நீளமாக வேண்டும். இரவிலும் வெக்கை இருப்பதால் நாற்பது பாகை வெந்நீரிலிருந்து கண்ணுக்குத் தெரியும் ஆவி எழாது. முதலில் நினைத்தது ‘ஆவியில் எழுத்து’ என்றால் அதை ‘ஈரச் சுவரில் காய்ந்த எழுத்து’ ஆக்கவேண்டியது இதனால்தான்.

இடங்களும் ஐதீகங்களும்

கோட்டை வாசலில் இரட்டை மீன் சின்னமும் சிதைந்த தமிழ்ச் செய்யுள் கல்வெட்டும் இருக்கின்றன. ‘முன்னே குளக்கோட்டன் மூட்டும் திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே’ என்று தொடங்கும் செய்யுளை ஊரில் சொல்லுவார்கள். 17 ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்த கோயில், அதன் கற்களால் எழுந்த கோட்டை, 1956 இல் கடலடியில் சுழியோடிகள் கண்ட தூண்கள், சீனன்குடாவின் 99 எண்ணெய்த் தாங்கிகள், 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானத் தாக்குதல், எல்லாம் ஒரே நகரத்தில். ஆசை வரும். ஒரு நாவலுக்கு ஒன்றை மட்டும் எடுங்கள். இராவணன் வெட்டு, கன்னியா வெந்நீர்க் கிணறுகள், எண்ணெய்த் தாங்கி, பாண்டியர் மீன் எல்லாவற்றையும் ஒரே கதையில் போட்டால் அது சுற்றுலாக் கையேடு.

எடுத்ததை ஊரார் எப்படி விளங்குவார்கள் என்றும் யோசியுங்கள். கிணற்றுத் தண்ணீர் சுடுகிறது என்றால் திருகோணமலைப் பிள்ளை முதலில் சொல்வது பேய் என்று அல்ல, ‘கன்னியா ஊத்து இங்கயும் வந்திட்டுது’ என்றுதான். கன்னியாவின் ஏழு கிணறுகளையும், இராவணன் தாய்க்குக் கிரியை செய்த கதையையும் எல்லோரும் அறிவர். இறந்தவருக்கான அந்தியேட்டிக் கிரியைக்கு அங்கே போனவர்களும் இருப்பார்கள். ஆகவே மூன்றாம் அத்தியாயத்தில் விஞ்ஞான ரீச்சரே அந்த விளக்கத்தைச் சொல்லட்டும். பிறகு அது ஏன் பொருந்தாது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்: ஊற்று என்றால் எல்லா நாளும் சுடவேண்டும், போயாவுக்கு மட்டும் ஏன்? இயற்கை விளக்கத்தை முதலில் முழுப் பலத்தோடு வைத்து, பிறகு உடைத்தால்தான் அமானுஷ்யம் நிற்கும்.

சுவாமி மலையின் ‘காதலர் பாய்ச்சல்’ கதையை எடுக்கிறவர்கள் கவனம். 1687 என்று பொறித்த தூண் இருக்கிறது, காதலன் கப்பலேறியதும் பாறையிலிருந்து குதித்த ஒல்லாந்தப் பெண் என்று கதையும் இருக்கிறது. அந்தப் பாய்ச்சலை அழகாக்கி எழுதுவது இந்த வயதினருக்கு ஆபத்தானது. தற்கொலை செய்தால் சக்தி வரும், பழிவாங்கலாம், அப்போதாவது அன்பு கிடைக்கும் என்ற பொருள் எங்கும் வரக்கூடாது. முறையை விவரிக்கவும் கூடாது. பேய்க்கதை என்றதும் தற்கொலை செய்த இளம் பெண் என்று கை தானாகவே எழுதும். செல்லாச்சி எழுபது வயதில் காய்ச்சலில் இறந்தவ. பயம் குறையவில்லை.

கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது. எண்ணெய்த் தாங்கிப் பகுதியும் நினைத்தபடி நுழையும் இடமல்ல. புறாத்தீவுக்கு நிலாவெளியிலிருந்து பகலில், நுழைவுச்சீட்டோடு, படகில்தான். பதினைந்து வயதுப் பிள்ளை நள்ளிரவில் இந்த இடங்களில் நடமாடுவதாக எழுதமுடியாது. குற்றம் நடக்கும் கோயில், பாடசாலை, அலுவலகம் எதுவானாலும் பெயரைக் கற்பனையாக வையுங்கள். வீதி, கடல், பாலம் நிஜமாக இருந்தால் போதும்.

காணாமல்போனவரைப் பேயாக்க வேண்டாம்

இந்த மாவட்டத்தில் மரணச் சான்றிதழ் வாங்க மறுத்து, மகன் வருவான் என்று இன்றும் காத்திருக்கும் வீடுகள் இருக்கின்றன. காணாமலாக்கப்பட்ட ஒருவரின் ஆவி வந்து பேசுவதாக எழுதினால், அவர் இறந்துவிட்டார் என்று எழுத்தாளர் தீர்ப்பு எழுதுகிறார். அந்த வீட்டுப் பிள்ளையும் உங்கள் வாசகர். 2004 திசெம்பர் 26 இல் கடல் கொண்டுபோனவர்களைப் பற்றியும் இதே எச்சரிக்கை. உடல் கிடைக்காத குடும்பங்கள் கடற்கரைக் கிராமங்கள் பலவற்றில் உண்டு.

எழுதவே கூடாது என்பதல்ல. காணாமல்போனவர் கதைக்குள் இருக்கலாம்: சுவரில் படமாக, மேசையில் எடுத்துவைத்த கோப்பையாக, பேச்சு நின்றுபோகும் இடமாக. பேய் வந்து எல்லோருடைய கேள்விக்கும் பதில் சொல்லும் கதையில், அந்த ஒரு வீட்டின் கேள்விக்கு மட்டும் பேய்க்கும் பதில் தெரியாது என்று வைத்தால் அது பொருந்தும். சப்ரினாவின் வீட்டுக்கு எதிரிலுள்ள அம்மா, கிணற்றைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்து, ஒன்றும் கேட்காமல் திரும்பிப்போகிறா என்று ஒரு பக்கம் எழுதலாம். விளக்கம் சேர்க்காதீர்கள்.

மூன்று பிள்ளைகள், மூன்று விளக்கங்கள்

துப்பறியும் குழு மூன்று பேராக இருந்தால் வசதி. இரண்டு பேர் என்றால் எப்போதும் ஒத்துப்போவார்கள், நாலு என்றால் ஒருவர் சும்மா நிற்பார். திருகோணமலையில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் ஒரே ஆங்கில வகுப்பில் இருப்பது சாதாரணம். மதுரா, சப்ரினா, கசுன். இவர்களை நல்லிணக்கப் போஸ்டர் ஆக்காமல், ஒரே கிணற்றைப் பற்றிச் சண்டைபிடிக்கவையுங்கள். மதுராவின் அம்மம்மா முனி என்பா, நூல் ஓதிக் கட்டச் சொல்லுவா. சப்ரினாவுக்கு இறந்தவரின் ஆவி ஊரில் அலையும் என்பதே ஏற்காது. அவளுடைய உம்மா ஜின் என்பா, ஜின் மனிதரின் ஆவி அல்ல, வேறொரு படைப்பு. கசுனின் வீட்டில் பௌத்த முறைப்படி பிரித் ஓதிய நூல் கட்டி, இறந்தவருக்குப் புண்ணியம் சேர்க்கத் தானம் கொடுக்கச் சொல்லுவார்கள். மூன்று விளக்கமும் மூன்று வகையான நடவடிக்கை. ஒவ்வொன்றும் ஓர் அத்தியாயம் தரும். யாருடைய நம்பிக்கையையும் கதை கேலி செய்யக்கூடாது, எதையும் கடைசியில் வென்றதாகவும் காட்டக்கூடாது.

பெரியவர்களை எப்படி விலக்குவது என்பது இந்த வகை நாவலின் நிரந்தரத் தலையிடி. எல்லோரையும் அநாதையாக்கத் தேவையில்லை. பெரியவர் அறிந்தும் நம்பாமல் இருக்கலாம், அல்லது நம்பிப் பூசாரியிடம் ஓடலாம். இரண்டும் பிள்ளைகளைத் தனியே விடும். கைபேசி இன்னொரு சிக்கல். படம் எடுத்தால் ஆதாரம் ஆகிவிடுமே? எடுக்கட்டும், இருட்டில் ஈரச் சுவர் வெறும் சாம்பல் திட்டாகத்தான் விழும். சார்ஜ் போய்விட்டது என்று ஒரு முறைக்குமேல் எழுதவேண்டாம்.

பயக் காட்சி

ஓர் இரவில் ஒரே ஒரு மாற்றம். தண்ணீர் சுடும், வேறொன்றும் நடக்காது. நாயும் ஊளையிட்டு, கதவும் அடித்து, மல்லிகையும் மணத்தால் ஒன்றும் பயமில்லை. காட்சியின் முன்பகுதிக்கு 600 முதல் 900 சொல், நிகழ்வுக்கு மூன்று நாலு வரி. இப்படி எழுதுவதைத் தவிருங்கள்:

‘திடீரென்று ஒரு பயங்கர அலறல்! மதுராவின் இரத்தம் உறைந்தது... அவள் நடுநடுங்கிப் போனாள்!!’

இப்படி முயன்று பாருங்கள்:

‘கயிறு பதினொரு முழம் இறங்கியது. வாளி நிறையும் சத்தம் கேட்டது. இழுத்து, வழக்கம்போலக் காலில் ஊற்றினாள். காலை இழுத்துக்கொண்டாள். அம்மா பச்சைக் குழந்தைக்கு வார்க்கும் சூடு.’

இரண்டாவதில் பயம் என்ற சொல்லே இல்லை. முழக் கணக்கு, வாளி, கால், எல்லாம் அன்றாடம். ஒன்று மட்டும் பிசகு. மூன்று அத்தியாயத்துக்கு ஒரு பயக் காட்சி போதும், இடையில் வெயிலும் பாடசாலையும் பகிடியும் வரட்டும். தொடர்ந்து பயமுறுத்தினால் வாசகர் பழகிவிடுவார்.

உரையாடல் ஊர்ப் பேச்சில், விவரணை எழுத்துத் தமிழில் என்பது இந்த வயதினருக்கு நன்றாக ஓடும். ‘நீ அதைப் பார்த்தாயா?’ என்று மதுரா கேட்கமாட்டாள். ‘நீ பாத்தனியே?’ என்பாள். சப்ரினா அவளைப்போலவே பேசக்கூடாது. கிண்ணியாப் பேச்சுத் தெரியாதவர்கள் அங்குள்ள ஒருவரிடம் அந்த வசனங்களை வாசித்துக் காட்டித் திருத்திக்கொள்ளவேண்டும். சினிமாத் தமிழில் பேசவைத்தால் இரண்டு பேரும் சென்னைப் பிள்ளைகளாகிவிடுவர்.

நீளமும் அச்சும்

பன்னிரண்டு முதல் பதினான்கு வயதுக்கு 20,000 முதல் 25,000 சொல், அதற்கு மேற்பட்டோருக்கு 30,000 முதல் 40,000. ஆங்கிலப் பதின்மர் நாவலின் சொல் எண்ணிக்கையை அப்படியே எடுக்காதீர்கள். தமிழில் ஒரு சொல்லே ‘போய்க்கொண்டிருந்தவர்களிடமிருந்து’ வரை நீளும், எனவே அதே கதை குறைந்த சொல்லில் முடியும். 24 அத்தியாயம், ஒன்றுக்கு 1,400 சொல் என்றால் ஏறத்தாழ 33,600. டெமி அளவில் பக்கத்துக்கு 220 முதல் 230 சொல் விழும். ஏறக்குறைய 150 பக்கம், முன்பக்கங்களோடு 160. அச்சகத்தில் 16 பக்கம் ஒரு பாரம், ஆகப் பத்துப் பாரம் சரியாக வரும். 163 பக்கம் வந்தால் மூன்று பக்கத்துக்காக ஒரு பாரம் கூடும். அத்தியாயத் தொடக்கங்களில் இடத்தைக் குறைத்தே சரிசெய்யலாம்.

வரைவை இரண்டு தடவை வாசிக்கக் கொடுங்கள். முதல் தடவை 21 ஆம் அத்தியாயம் வரை மட்டும், அந்த வயதுப் பிள்ளைகள் ஆறு பேருக்கு, வாசகசாலையிலோ ரியூசன் வகுப்பிலோ. யார் குற்றவாளி, ஏன் என்று ஒரு துண்டில் எழுதி வாங்குங்கள். ஆறு பேரும் சரியாகச் சொன்னால் துப்பு வெளிச்சம் அதிகம்; யாருமே சொல்லாவிட்டால் விளையாட்டு நியாயமில்லை. ஒருவரோ இருவரோ சொன்னால் அளவு சரி. ‘நல்லாயிருக்கு’ என்ற பதிலால் ஒரு பயனும் இல்லை. எந்தப் பக்கத்தில் புத்தகத்தை வைத்துவிட்டு எழுந்தீர்கள் என்று கேளுங்கள். இரண்டாம் தடவை வேறு பிள்ளைகளுக்கு, முழு நாவலும்.

ஐ.எஸ்.பி.என். இலக்கத்தைத் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் விண்ணப்பித்துப் பெறவேண்டும். அட்டை அச்சுக்குப் போகமுன் கையில் இருக்கட்டும். யூனிகோட்டில் எழுதிய கோப்பைச் சில அச்சகங்கள் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றியே பக்கம் கட்டுகின்றன. மாறும்போது மேற்கோள் குறிகளும் கிரந்த எழுத்துகளும் சிதையும். மெய்ப்புப் பார்க்கும்போது உறுதியின் வாசகம் வரும் நாலாம் அத்தியாயத்தைத் தனியாக, எழுத்தெழுத்தாக, மூலத்தோடு வைத்துப் பாருங்கள்: 2003 என்பது 2008 ஆக அச்சாகினாலும், வடக்கு எல்லை வரி பக்கம் மாறி விழுந்தாலும் நாவலின் முடிச்சே அவிழ்ந்துவிடும்.